சட்டத்துக்குப் பாயிரம் எழுதிய எட்வேட் லிவிங்ஸ்ரன்

பாயிரம் இல்லாத நூலை நூலென்று ஏற்றுக்கொள்ளாதது நம் தமிழ் மரபு. ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டினைக் கூறுவது சிறப்புப்பாயிரம் என்றும், காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் அவற்றோடு கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றும் நன்னூல் கற்கும் மாணவர் யாவரும் மனனஞ் செய்வர். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நாம் வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து ஓர் ஐயம் வினாவினான். இலக்கண நூல் ஒன்று எழுதுபவனே தான் எழுதியதன் காரணத்தைக் கூறவேண்டுமாயின், ஒரு நாட்டையே கட்டியாளும் சட்டங்களை எழுதுவோர் அவற்றின் காரணத்தைக் கூறவேண்டாவா என்பதே அவன் வினா. நாம் அன்று தக்க விடை கூறவில்லை. பாடத்தைக் கவனிக்கும்படி பணித்து அமர்த்திவிட்டோம். காரணம் கேட்ட பிள்ளைக்குக் காரணம் கூறாது கட்டளையிட்ட அப்பிழை நெடுநாள் நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

பின்னர் அவ்வினாவுக்கு விடை தேடிப் பல நூல்களைப் புரட்டியபோது எதிர்ப்பட்ட பெருமகனே எட்வேட் லிவிங்ஸ்ரன் என்பார். அமெரிக்கர் தம் வரலாற்றில் நன்கறிந்த இப்பெயர் நம்மவரிடையே அத்துணை வழக்கில் இல்லை. ஆயினும், நம் கல்லூரியிற் கற்று அப்புக்காத்துமாராயும் பிரக்கிராசிமாராயும் நீதிபதிகளாயும் விளங்கிய பழைய மாணவர் பலர் நாள்தோறும் கையாண்ட சட்டநூல் ஒன்றின் பின்னே இவருடைய நிழல் விழுந்திருக்கின்றது. அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம். விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டுமென ஆசிரியர் குழுவினர் கேட்டபோது நாம் இவரைத் தேர்ந்தமைக்கு அதுவே ஏது.

லிவிங்ஸ்ரன் 1764ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், நியூ யோர்க் நாட்டிலே, அட்சன் ஆற்றங்கரையிலுள்ள கிளெர்மொன்ற் என்னும் பெருமனையிற் பிறந்தார். தந்தையார் நீதிபதி, நிலவளம் மிக்க பழங்குடி. மைந்தருள் இவரே கடைக்குட்டி. தமையனாராகிய றொபேட் லிவிங்ஸ்ரன், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைவதற்கு நியமிக்கப்பெற்ற ஐவருள் ஒருவர். 1789இல் வாஷிங்ரன் முதற் சனாதிபதியாகப் பதவியேற்றபோது அவருக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தவரும் அவரே. செல்வமும் செல்வாக்கும் இவ்வாறு இருபாலும் சூழ்ந்திருந்தும் சிறுவனின் இளமை அமைதியாகக் கழியவில்லை. 1777இல், பதின்மூன்று வயதுப் பாலகனாய் இருந்தபோது, ஆங்கிலப் படையினர் அம்மாளிகைக்குத் தீயிட்டனர். நெருப்பு அவர் வாழ்விலே புகுந்த முதல்முறை அது. இறுதி முறை அன்று.

பிறின்ஸ்ரனில் அந்நாளில் நியூ ஜேர்சிக் கல்லூரி என வழங்கிய கலாசாலையிற் பயின்று 1781இல் பட்டம் பெற்றார். பின் சட்டம் கற்று 1785இல் வழக்காடத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழிய, 1795இல், காங்கிரசின் பிரதிநிதிகள் சபையிலே நியூ யோர்க் நகரின் சார்பில் அமர்ந்தார். அங்கே அவர் செய்த முதற் பெரும் காரியம் நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. பிரித்தானியாவோடு ஜோன் ஜே செய்துவந்த உடன்படிக்கையை நிறைவேற்றப் பணம் ஒதுக்கவேண்டுமென அரசாங்கம் சபையைக் கேட்டபோது, அவ்வுடன்படிக்கை எக்காரணங்களாற் செய்யப்பட்டதென்பதைக் காட்டும் கடிதங்களைச் சபைமுன் வைக்கவேண்டும் என 1796இல் லிவிங்ஸ்ரன் பிரேரணை கொணர்ந்தார். சபை 62க்கு 37 என்னும் வாக்குகளால் அதனை ஏற்றது. வாஷிங்ரன் கொடுக்க மறுத்துவிட்டார். அமெரிக்கரின் தந்தையெனப் போற்றப்பட்டவரிடமே காரணம் கேட்டு நின்ற இளைஞனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டும் நிரம்பவில்லை. 1798இல் அந்நியரை விசாரணையின்றி நாடுகடத்தவும், அரசைக் குறைகூறுவோரைத் தண்டிக்கவும் இயற்றப்பட்ட சட்டங்களையும் அவர் அஞ்சாது எதிர்த்தார்.

1801ஆம் ஆண்டு அவருக்கு ஏற்றமும் இழப்பும் ஒருங்கே தந்தது. அவ்வாண்டிலே மனைவியார் மேரி நோயுற்று மறைந்தார். அவ்வாண்டிலேயே நியூ யோர்க் நகரின் மேயர் பதவியும், அம்மாவட்டத்தின் அரசாங்க வழக்கறிஞர் பதவியும் அவரை வந்தடைந்தன. இரண்டு ஆண்டுகளில் நகரிலே மஞ்சட் காய்ச்சல் பரவியது. வசதியுள்ளோர் நகரைவிட்டு ஓடினர், மேயர் ஓடவில்லை. மருத்துவ நிலையங்களுக்கு நாள்தோறும் சென்று நோயாளரைப் பார்த்தார். ஈற்றில் தாமும் நோயிற் படுத்தார். படுக்கையிலிருந்து எழுந்தபோது வேறொரு பேரிடி காத்திருந்தது. அவருடைய அலுவலகத்தில் நம்பிக்கைக்குரியவனாய் இருந்த ஊழியன் ஒருவன், அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பெருந்தொகையைக் கையாடிவிட்டிருந்தான்.

களவு செய்தவன் வேறொருவன், பொறுப்போ தலைவனுடையது. லிவிங்ஸ்ரன் வாதாடவில்லை, சாட்டுச் சொல்லவில்லை. கடனைத் தம் கடனென ஒப்புக்கொண்டு, தம் சொத்து அனைத்தையும் ஒப்படைத்து, இரு பதவிகளையும் துறந்தார். நாற்பது வயதை அணுகும் மனிதன், தாயிழந்த பிள்ளைகளை உறவினரிடம் விட்டு, 1804ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கப்பலேறித் தெற்கே நியூ ஒலியன்ஸ் நகரை அடைந்தான். அந்நகரை உள்ளிட்ட லூசியானாப் பெருநிலத்தை முந்திய ஆண்டிலேதான் ஒன்றரைக் கோடி டொலருக்கு அமெரிக்கா பிரான்சிடமிருந்து வாங்கியிருந்தது. பாரிசிலிருந்து அதனைப் பேசி முடித்தவருள் முதல்வர் தமையனார் றொபேட். அண்ணன் வாங்கிய நாட்டிலே தம்பி பிழைப்புத் தேடி இறங்கினான் என்க.

அந்நகர் ஒரு வியப்பான நகர். மக்கள் பேசியது பெரும்பாலும் பிரெஞ்சு மொழி; அவர்களை அண்மைக்காலம்வரை ஆண்டது ஸ்பானியர் சட்டம்; இப்போது ஆளவந்தோர் ஆங்கிலம் பேசும் அமெரிக்கர். புதிய ஆட்சியினர் 1805இல் குற்றங்களுக்கென ஒரு சட்டம் இயற்றினர். கொலை, களவு, கொள்ளை எனப் பெயர்களைக் கூறிய அச்சட்டம், அவை இன்னவை எனத் தான் விளக்காது, இங்கிலாந்தின் வழக்காற்றுச் சட்டத்திற் கண்டுகொள்க என விட்டுவிட்டது. அவ்வழக்காற்றுச் சட்டமோ ஆங்கில நீதிபதிகளின் தீர்ப்புகளிற் சிதறிக்கிடப்பது. ஆகவே, நியூ ஒலியன்சில் வாழும் பிரெஞ்சுக் குடியானவன் தான் செய்யும் செயல் குற்றமோ அன்றோ என அறியவேண்டுமாயின், தான் கண்டிராத நாட்டில், தனக்குத் தெரியாத மொழியில், தன்னால் வாங்கவியலாத நூல்களைத் தேடிப் படித்தல் வேண்டும். அறியாத மொழியிலே எழுதப்பட்ட ஆணையால் ஆளப்படுதல் எத்தகையது என்பதை இம்மலரை வாசிப்போருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

லிவிங்ஸ்ரன் அவ்விடத்து வழக்காடத் தொடங்கி விரைவிற் பெயர்பெற்றார். நீதிமன்ற நடைமுறைக்கென அவர் ஆக்கிக்கொடுத்த சிறிய சட்டம் 1805 முதல் இருபது ஆண்டுகள் நின்று நிலவியது. அவ்வாண்டிலேயே, கலகத்துக்குத் தப்பிச் சான் டொமிங்கோவிலிருந்து வந்திருந்த லூயிஸ் என்னும் இளங் கைம்பெண்ணை மணந்தார். அழகிலும் அறிவிலும் சிறந்தவரென அக்காலத்தார் போற்றிய அம்மையார் கணவரின் எழுத்துக்களுக்கு உற்ற துணையாயினார்.

பட்ட கடனைத் தீர்க்க அவர் நம்பியிருந்தது ஆற்றங்கரையிலே மண் ஒதுங்கி உருவான ஒரு நிலத்துண்டு. வழக்கொன்றை வென்றுகொடுத்தமைக்கு ஊதியமாக அதிற் பங்கு கிடைத்திருந்தது. ஊர்மக்களோ அது பொதுநிலம் என்று கிளர்ந்தனர். சனாதிபதி ஜெபர்சனின் கட்டளைப்படி 1808ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்க உத்தியோகத்தர் வந்து லிவிங்ஸ்ரனை அந்நிலத்திலிருந்து வெளியேற்றினர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கட்சியினர்! லிவிங்ஸ்ரன் பதவி நீங்கிய ஜெபர்சன்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லையென 1811இல் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. பின் இருவரும் நூல் எழுதிப் போர் புரிந்தனர். அந்த நிலவழக்கின் நுணுக்கங்கள் சட்டத்தரணிகளுக்கு விருந்தாகலாம். நமக்கு வேண்டியது ஒன்றே. நிலம் கைகூடவில்லை; கடன் வளர்ந்துகொண்டே சென்றது. 1815இல் ஆங்கிலப் படை நியூ ஒலியன்சைத் தாக்கியபோது சேனாபதி ஜக்சனின் பக்கத்தில் உதவியாளராயும் மொழிபெயர்ப்பாளராயும் நின்று பணிபுரிந்தார். அன்று பிணைந்த நட்பு பின்னாளிற் பயன்பட்டது.

1820இல் லூசியானா மாநிலத்தின் சட்டசபைக்கு அவர் தெரிவுசெய்யப்பட்டார். குற்றவியற் சட்டம் முழுவதையும் புதிதாக, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், ஒரே கோவையாக எழுதவேண்டும் என அச்சபை கருதியது. 1821இல் அப்பணி லிவிங்ஸ்ரனிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியியற் சட்டக்கோவையைத் திருத்தும் பணியும் வேறிருவருடன் அவர்மேற் சுமத்தப்பட்டது. அக்கோவை 1825இல் வெளிவந்தது.

இவ்விடத்தே ஒன்றைக் கூறுதல் வேண்டும். லூசியானாவின் 1812ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நீதிபதிகள் தம் தீர்ப்புக்கு அடிப்படையான காரணங்களை எடுத்துரைத்தே தீர்ப்பளிக்கவேண்டும் என விதித்திருந்தது. தீர்ப்பவன் காரணம் கூறவேண்டுமென்றால், விதிப்பவன் கூறவேண்டாவா? லிவிங்ஸ்ரனின் முயற்சி முழுவதும் இவ்வினாவுக்கு எழுதப்பட்ட விடை எனலாம். இங்கிலாந்திலே யெரெமி பெந்தம் என்னும் அறிஞர், ஒவ்வொரு சட்டத்தோடும் அதன் நியாயமும் சேர்த்து எழுதப்படவேண்டும் என நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தார். அமெரிக்கச் சனாதிபதி மடிசனுக்கு 1811இல் எழுதி, அந்நாட்டுக்கெல்லாம் சட்டக்கோவை ஆக்கித் தருவதாகவும் கேட்டுப் பார்த்தார், ஏற்பார் இல்லை. பெந்தம் அறையிலிருந்து எண்ணியதை, சபையிலிருந்து செய்ய முற்பட்டவர் லிவிங்ஸ்ரன். தாம் பெந்தத்துக்குக் கடமைப்பட்டிருப்பதை அவர் மறைத்ததும் இல்லை.

1822இல் தம் திட்டத்தை விளக்கும் அறிக்கையைச் சட்டசபைக்கு அளித்தார். சபை அதனை ஒப்புக்கொண்டு வேலையைத் தொடரும்படி பணித்தது. அவ்வறிக்கை இலண்டனிலும் பாரிசிலும் மறுபதிப்பாகி அறிஞர் கைகளிலே திரிந்தது. அவர் வகுத்த கோவை நான்கு பகுதியும் ஒரு சொற்பொருட் பகுதியுமாக அமைந்தது: குற்றமும் தண்டமும், வழக்கு நடைமுறை, சான்று, சிறைச்சீர்திருத்தம் என்பன நான்கு, கோவையிலே வரும் கலைச்சொற்களுக்கு வரைவிலக்கணம் கூறுவது ஐந்தாவது. ஒவ்வொரு கோவைக்கும் முன்னே ஒரு நெடிய முன்னுரை. ஏன் இவ்விதி, ஏன் இத்தண்டம், எதிர்ப்பார் யாது கூறுவர், அதற்கு மறுமொழி யாது என நிரலே உரைக்கும் அம்முன்னுரைகளைப் படிக்குந்தோறும் நமக்கு நம் பழைய உரையாசிரியர்களே நினைவுக்கு வருவர். பிறர் கொள்கையை முன்னிறுத்தி, அதற்கு உரிய இடம் கொடுத்து, பின் தம் துணிபை நாட்டும் முறை அது. நுதலிய பொருள், கேட்போர், பயன், காரணம் யாவும் அவற்றுள் உண்டு. பாயிரம் என்னாது வேறு யாது என்பது!

அவற்றுள் உள்ளத்தை உலுக்குவது மரண தண்டனையை அறவே நீக்கவேண்டும் என்பதற்கு அவர் கூறும் நியாயம். சபையோரிடம் அவர் இரக்கத்தை இரக்கவில்லை. பயனையே கணக்கிட்டுக் காட்டினார். தண்டம் மிகக் கொடியதாயின் யூரிமார் குற்றவாளியென்று கூறத் தயங்குவர். ஆகவே குற்றஞ்செய்தோன் தப்புவான். தப்பலாம் என்னும் எண்ணமே குற்றத்துக்கு விதை. தண்டத்தின் கொடுமையன்று, அது தப்பாது வரும் என்னும் உறுதியே மனிதனைத் தடுப்பது. தூக்குமேடையைக் காணத் திரளும் கூட்டம் அச்சம் கற்றுத் திரும்புவதில்லை. உயிரை எளிதாக மதிக்கவே கற்கின்றது. இவை யாவினும் மேலாக, மனிதர் தீர்ப்பிலே பிழை நேர்தல் இயல்பு. சிறையிலிட்டவனை விடுவிக்கலாம், உயிரை எடுத்தபின் எதனைத் திருப்பிக் கொடுப்பது? தமிழ் மாணவனுக்கு இந்நியாயம் புதிதன்று. ஆராயாது பிறந்த ஒரு சொல்லால் கோவலன் வெட்டுண்டதும், சிலம்பின் பரல் தெறித்தபின் பாண்டியன் தன் உயிரையே கொடுத்தும் அவ்வுயிரை மீட்கமாட்டாது போனதும் அவன் ஆறாம் வகுப்பிலேயே அறிந்த கதை.

தூக்குக்கு ஈடாக அவர் வைத்தது தனிச்சிறை. அதனுள்ளே தொழிலும் கல்வியும், திருந்துவோர்க்குப் படிப்படியாகத் தளர்வும் அமைத்தார். இளங் குற்றவாளிகளுக்கு வேறாக ஒரு சீர்திருத்தப் பள்ளி வேண்டும் என்றார். சிறையிலிருந்து வெளிவருபவனை ஊரவர் எவரும் வேலைக்குக் கொள்ளார். வேலையற்றவன் மீண்டும் களவுக்கே செல்வான். ஆதலின் நேர்மையான தொழில் கிடைக்குமட்டும் அவன் வந்து தங்கி உழைத்து உண்ணும் புகலிடம் ஒன்றை அரசே நடத்தவேண்டும் என்றும் எழுதினார். இன்றும் பல நாடுகள் எட்டாத கருத்து இது. ஆயினும் கொலைஞர்க்கு அவர் வகுத்த தனிமைச் சிறையின் கடுமை இன்று படிப்போரை நடுங்கச் செய்யும். மனிதனை மனிதரினின்றும் முற்றாகப் பிரித்தால் மனச்சான்று விழிக்கும் என அக்காலத்தார் நம்பினர். மனம் சிதையும் என்பதை அனுபவம் பின்னரே கற்பித்தது. மற்றொரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. லூசியானா அடிமைகளின் உழைப்பால் வளர்ந்த மாநிலம். விதிதோறும் காரணம் தேடிய அப்பேரறிவு அடிமைமுறை என்னும் விதியின் வாயிலில் நின்றுவிட்டது. மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளும் அந்நிலையை அவருடைய கோவை மாற்றவில்லை.

நிற்க. 1824ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வேலை முற்றுப்பெற்றது. அப்போது அவர் நியூ யோர்க்கில் இருந்தார். அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நற்படியை மூலப்படியோடு ஒப்புநோக்கியபடி ஓரிரவு நெடுநேரம் விழித்திருந்தார். பணி முடிந்த மனநிறைவோடு படுக்கைக்குச் சென்றார். அவ்விரவிலேயே வீட்டில் தீ மூண்டது. மூலப்படி, நற்படி இரண்டும் ஒருங்கே சாம்பராயின. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஓரிரவில் ஒழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த சாம்பரைக் கண்ணாற் கண்டவர் நம் வாசகருட் பலர். படி ஒன்றேனும் எஞ்சாத எழுத்துக்காக அழுவது எத்தகைய அழுகை என்பதை அவர் அறிவர்.

அவருக்கு அப்போது அறுபது வயது. மறுநாளே மேசைமுன் அமர்ந்து முதல் விதியிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார். காங்கிரசின் உறுப்பினராகவும் வழக்காடுபவராகவும் கடன்காரராகவும் இருந்துகொண்டே, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கோவை முழுவதையும் மறுபடியும் எழுதி முடித்தார். இச்செய்தியை நாம் வகுப்பிற் கூறும்போதெல்லாம், வீட்டுவேலைக் கொப்பி தொலைந்துவிட்டதெனக் கூறிக் கைகட்டி நிற்கும் மாணவர் தலைகுனிவர். பின் தாமே நகைப்பர்.

கோவை சபைமுன் சென்றது. சபை என்செய்தது? ஒன்றும் செய்யவில்லை. மறுக்கவும் இல்லை; ஏற்கவும் இல்லை; அப்படியே விட்டுவிட்டது. எதிர்ப்போர் கூறக்கூடிய நியாயங்களுக்கெல்லாம் முன்னுரைகளில் மறுமொழி எழுதிவைத்திருந்தவருக்கு, நியாயம் எதுவும் கூறாத மௌனத்துக்கு மறுமொழி எழுத இயலாதுபோயிற்று. தம் வரைவைச் சிறிது மாற்றி, ஐக்கிய நாடு முழுவதற்கும் உரிய கோவையாக 1828இல் காங்கிரசின் முன்னும் வைத்தார். அங்கும் அதே விதி. லூசியானாவிலே 2025ஆம் ஆண்டிலும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. லூசியானாக் கோவையும் அதன் முன்னுரைகளும் 1833இல் பிலடெல்பியாவில் ஒரு பெருநூலாக அச்சேறின.

எனினும் அக்காலத்தே வேறொரு கணக்கு நேராயிற்று. 1826இல், இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவன் களவாடிய தொகையை, வட்டியோடு, ஒரு சதமும் குறையாது அரசாங்கத்துக்குச் செலுத்தி முடித்தார். வட்டி மட்டும் முதலை விஞ்சியிருந்தது. சட்டமியற்றுவோன் சட்டத்துக்குத் தானும் அடங்கிநின்ற இந்நிகழ்ச்சியை, அவர் எழுதிய நூல்களுக்கு ஒரு படி மேலாகவே நாம் மதிக்கின்றோம்.

பிந்திய ஆண்டுகளை விரைந்து கூறலாம். 1829இல் செனற் சபையினரானார். நண்பர் ஜக்சன் சனாதிபதியாயிருந்தபோது 1831 முதல் 1833 வரை அரசுச் செயலாளர் என்னும் உயர்பதவி வகித்தார். தென் கரோலினா மாநிலம் மத்திய அரசின் சுங்கவரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாவென அறிவித்தபோது, ஜக்சனின் பெயரால் 1832 டிசெம்பர் 10ஆம் நாள் வெளிவந்த பிரகடனத்தை வரைந்தவர் லிவிங்ஸ்ரனே. படையெடுப்பேன் என்று அச்சுறுத்துவதோடு அமையாது, ஒரு மாநிலம் அவ்வாறு செய்தல் ஏன் ஆகாதென்பதை அம்மாநிலத்து மக்களுக்குப் படிப்படியாக எடுத்துரைக்கும் நீண்ட விளக்கம் அது. கை வந்த கலை அங்கும் வெளிப்பட்டது. பின் இரண்டு ஆண்டுகள் பிரான்சிலே தூதராயிருந்தார். அந்நாட்டு அறிஞர் கழகம் அவரைத் தன் அந்நிய உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. 1836 மே 23ஆம் நாள், எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், தாம் பிறந்த அதே அட்சன் ஆற்றங்கரையில் உயிர்நீத்தார்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1837இல், தம் நாட்டிலே ஏற்பாரின்றிக் கிடந்த கோவை நெடுந்தொலைவிலுள்ள குவாத்தமாலாவில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியில் அதுவும் அன்று ஒரு மாநிலம். பறுண்டியா என்பார் ஸ்பானிய மொழியிற் பெயர்க்க, ஆட்சித் தலைவர் கல்வெஸ் அதனைச் சட்டமாக்கினார். ஆனால், அங்கு வாழ்ந்த பழங்குடி உழவரிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஸ்பானிய மொழியும் அவர்க்கு அந்நியம். யூரிமார் முறை அவர்க்கு விளங்கவில்லை. தனிச்சிறைக் கூடங்களைக் கட்டும் வேலையோ அவர் தலையில் விழுந்தது. அவ்வாண்டே வாந்திபேதி நோயும் பரவ, மலைநாட்டார் கலகத்துக்கு எழுந்தனர். 1838இல் கல்வெஸ் வீழ்ந்தார். கோவையும் அவரோடு வீழ்ந்தது. காரணங்களை அத்துணை அழகாக விளக்கிய நூல், விளக்கம் வேண்டியிருந்தவர் காதில் ஒரு சொல்லும் விழாது ஒழிந்தது. பாயிரத்திலே கேட்போர் என ஓர் உறுப்பை நம் முன்னோர் வைத்தது வீணன்று போலும். குவாத்தமாலாவின் கரிபியன் கரையிலுள்ள லிவிங்ஸ்ரன் என்னும் சிற்றூர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, முதலிற் கூறிய நிழலுக்கு வருவோம். 1835இல் கல்கத்தாவிலே மக்கோலே தலைமையில் அமைந்த சட்ட ஆணைக்குழு இந்தியாவுக்கெனத் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றை வரைந்தது. பிரெஞ்சுக் கோவையும் லிவிங்ஸ்ரனின் லூசியானாக் கோவையும் தமக்கு உதவின என்பதை அக்குழுவினர் வெளிப்படையாகவே கூறினர். 1837இல் வெளிவந்த அவ்வரைவிலும் விதிகளின் காரணத்தைக் கூறும் குறிப்புகள் பின்னிணைப்பாக நின்றன. விதிதோறும் ஆ என்பவன், இ என்பவன் என எடுத்துக்காட்டுகளும் சேர்க்கப்பட்டன. கருத்து, பதப்பொருள், காட்டு எனக் காண்டிகையுரைக்குக் கூறும் இலக்கணத்திலே காட்டு என்பது இதுவேயென மாணவர் கண்டுகொள்வர். மக்கோலே தூக்குத் தண்டனையை நீக்கவில்லை. அவ்வளவில் ஆசிரியரினின்றும் மாணாக்கர் வேறுபட்டார். 1860இல் அஃது இந்தியாவிற் சட்டமாயிற்று; அதனைப் பின்பற்றி எழுந்ததே 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை.

மக்கோலேயின் குறிப்புகள் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறவில்லை; எடுத்துக்காட்டுகள் மட்டும் எஞ்சி நம் கோவைக்குள்ளும் வந்து சேர்ந்தன. பாயிரம் கழிந்து காட்டு நின்றது. நம் பாராளுமன்றத்துக்கு வரும் சட்டமூலங்களோடு இக்காலத்தே ஒரு குறிப்பு அச்சிடப்படுவதுண்டு. எந்த வாசகத்தால் எந்தச் சட்டம் எவ்வாறு மாறும் என்பதை அது கூறும். ஏன் மாறவேண்டும் என்பதை அதிலே தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். தூக்குத் தண்டனை பற்றிய வினாவும் நம் நாட்டில் முடிவுறவில்லை. 1958இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்கா கொலையுண்டபின் மீண்டும் உயிர்பெற்றது. 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லையாயினும் சட்டப் புத்தகத்தினின்றும் அது அகலவில்லை.

கல்கத்தாக் குழுவில் மக்கோலேயோடு அமர்ந்தவருள் சாள்ஸ் கமறன் என்பார் ஒருவர். பெந்தத்தின் கொள்கையிலே தோய்ந்த அவர், அதற்கு முன்னரே 1830இல் கோல்புறூக்குடன் ஆணையாளராக இலங்கைக்கு வந்து நீதிமன்றங்களை ஆராய்ந்தவர். அவர் 1832இல் எழுதிய அறிக்கையின் வழியே 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் பிறந்தது. முதுமையிலே மனைவியாருடன் இத்தீவுக்கே திரும்பி வந்து குடியிருந்தார். நம் தண்டனைச் சட்டக்கோவை நிறைவேறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1880இல், இங்கேயே காலமானார். மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களின் நடுவே, பொகவந்தலாவைத் தேவாலயத்தின் வளவில், புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற மனைவியார் யூலியாவின் அருகே அவர் கல்லறை இருக்கின்றது. அப்பக்கத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நம் பழைய மாணவர் சிலர் அவ்வழியே நாள்தோறும் போய் வருகின்றனர்.